கடற்படையில் பிள்ளை, ஊரில் அம்மா: தாய்மார் வட்டம் அமைத்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

நான்கு ஆண்டுக்குப் படையில் ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டத்தில் இந்தியக் கடற்படைக்குப் போகும் பிள்ளைக்கு வயது பதினேழரையில் இருந்து 21-க்குள் இருக்கும். சேரும்போது திருமணம் ஆகியிருக்கக் கூடாது. நான்கு ஆண்டுப் பணி முடியும்வரை செய்துகொள்ளவும் கூடாது. அப்படியென்றால் அந்த நான்கு ஆண்டும் அவனுக்குக் குடும்பம் என்பது பெரும்பாலும் அம்மாவும் அப்பாவும்தான். ஆனால் கடற்படையில் குடும்பங்களுக்காக இருக்கும் ஏற்பாடுகளைப் பாருங்கள். என்.டபிள்யூ.டபிள்யூ.ஏ. என்ற நலச் சங்கம் இருக்கிறது. வீரர்களின் மனைவிமார் நடத்துவது, நல்ல வேலைகள் செய்வது. அது இயங்குவது மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி மாதிரியான தளங்களில். குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் பெண்ணுக்குப் பக்கத்து வீட்டிலேயே இன்னொரு கடற்படை மனைவி இருப்பாள். சங்கரன்கோவிலிலோ அரூரிலோ இருக்கும் அம்மாவுக்கு அப்படி யாரும் இல்லை. தெருவில் யாரிடம் சொன்னாலும் "கப்பல் வேலையா, நல்ல சம்பளமாச்சே" என்று வணிகக் கப்பலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள்.

அதனால் அம்மாக்கள் தங்களுக்கான வட்டத்தைத் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எட்டுப் பத்து பேர் போதும். என் மகன் சேர்ந்த பிறகு நானும் அப்படி ஒரு வட்டத்துக்குள் வந்தவள்தான். எப்படித் தொடங்குவது, எதைப் பேசலாம், எதைப் பேசவே கூடாது, இக்கட்டு வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்ததை முறையாக எழுதுகிறேன்.

முதல் படி: பிள்ளை போகும் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாதி பயம் தெரியாமையால் வருவது. வட்டம் தொடங்குவதற்கு முன்னால் இந்தப் பாதையை மனதில் வாங்கிக்கொண்டால், புதிதாக வரும் அம்மாவுக்கும் நீங்களே சொல்லித் தரலாம்.

முதலில் ஐ.என்.எஸ். சில்கா. ஒடிசாவில் சில்கா ஏரிக்கரையில் இருக்கும் பயிற்சித் தளம். 1980-இல் தொடங்கியது. ஐ.என்.எஸ். என்று பெயரில் இருந்தாலே கப்பல் என்று நினைக்க வேண்டாம். கடற்படை தன் கரைத்தளங்களுக்கும் அதே முன்னொட்டைத்தான் வைக்கும். நம் ஊரிலேயே விஜயநாராயணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி, உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்து எல்லாம் தரையில் இருப்பவைதான். இதைச் சொன்னதும் நிம்மதியாக மூச்சு விட்ட அம்மாக்கள் உண்டு. பிள்ளை சேர்ந்த அன்றே நடுக்கடலுக்குப் போய்விட்டான் என்று நினைத்து அழுதுகொண்டிருந்தவர்கள்.

சில்காவில் அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய 16 வாரம். விடிவதற்கு முன் எழுப்பிவிடுவார்கள். அணிவகுப்பு, ஓட்டம், நீச்சல், வகுப்பு என்று நாள் ஓடும். நம் பிள்ளைகளுக்கு அங்கே இரண்டு சிரமம் கூடுதலாக இருக்கும். ஒன்று இந்தி. கட்டளையும் கேலியும் பேச்சும் அதில்தான் நடக்கும் என்பதால் முதல் சில வாரம் ஒன்றும் புரியாமல் பக்கத்துப் பையனைப் பார்த்துச் செய்வார்கள். அப்புறம் பழகிவிடும். இன்னொன்று நீச்சல். கிணறு வற்றிப்போன ஊரில் வளர்ந்த பிள்ளைக்குத் தண்ணீரே புதுசு. அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள், ஆனாலும் முடிந்தால் சேர்வதற்கு முன்பே பழக்கி அனுப்புங்கள்.

போன் எப்போது கையில் கிடைக்கும் என்பதைப் பயிற்சித் தளம்தான் முடிவு செய்யும். கிடைக்கும் சில நிமிடத்தில் பிள்ளை அழுதால், "முடியலைன்னா வந்துடுப்பா" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். என்ன சாப்பிட்டான், பக்கத்துக் கட்டிலில் யார், காலில் கொப்புளம் ஆறிவிட்டதா என்று கேளுங்கள். பதில் சொல்லச் சொல்லக் குரல் மாறுவது தெரியும். அதே சமயம், திரும்பத் திரும்ப உடம்பு முடியவில்லை, தூக்கமே இல்லை, யாரோ தொந்தரவு செய்கிறார்கள் என்று சொன்னால் அதை வெறும் ஏக்கம் என்று தள்ளக் கூடாது. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் டிவிஷனல் ஆபீசர் என்று ஒருவர் பொறுப்பாக இருப்பார். அவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

பயிற்சி முடிந்ததும் அணிவகுப்பு. முதல் அக்னிவீரர் (அக்னிபத்தில் சேர்ந்த வீரர்) அணியின் அணிவகுப்பு 2023 மார்ச் 28-இல், இந்தியப் படைகளில் முதல் முறையாகச் சூரியன் மறைந்த பிறகு நடந்தது. அழைப்பு வந்து போவதாக இருந்தால் அன்றிரவே திரும்ப ரயில் போட வேண்டாம். சென்னை–ஹவுரா பாதையில் போகிற நான்கு குடும்பங்கள் ஒரே ரயிலில் டிக்கெட் எடுத்துக்கொள்வது மிகவும் நல்லது. பல வட்டங்களுக்குப் பிள்ளையார்சுழி அந்த ரயில் பயணத்தில்தான் விழுகிறது.

அதற்குப் பிறகு பிரிவைப் பொறுத்துத் தொழிற்பயிற்சி. இன்ஜின் பிரிவு என்றால் லோனாவலாவில் ஐ.என்.எஸ். சிவாஜி, மின்சாரம் என்றால் ஜாம்நகரில் ஐ.என்.எஸ். வல்சுரா, சமையல், ஸ்டோர் பக்கம் என்றால் மும்பை மலாடில் ஐ.என்.எஸ். ஹம்லா, பீரங்கி என்றால் கொச்சியில் ஐ.என்.எஸ். துரோணாச்சார்யா. நீர்மூழ்கிக்குத் தேர்வானால் விசாகப்பட்டினத்தில் ஐ.என்.எஸ். சாதவாகனா. இதெல்லாம் முடிந்துதான் கப்பல்.

இரண்டாவது படி: மற்ற அம்மாக்களைத் தேடிப் பிடியுங்கள்

எளிய வழி பிள்ளையேதான். "உன் பேட்சில் நம்ம பக்கத்துப் பையன் யார் யார்? அவங்க அம்மா நம்பர் வாங்கிக் கொடு" என்று கேளுங்கள். அடுத்தது, அவனைத் தேர்வுக்குத் தயார் செய்த பயிற்சி மையம் அல்லது ஓட்டம் பழகிய மைதானம். அங்கே முந்தைய வருடம் போனவர்களின் வீட்டு விவரம் தெரியும்.

மூன்றாவது இடம், பெரும்பாலான அம்மாக்களுக்குத் தெரியாதது: மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பெயரில் முன்னாள் என்று இருந்தாலும், இப்போது பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் அதுதான் வாசல். ஆட்சியர் அலுவலகத்தில் அவ்வப்போது முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் குறைதீர் கூட்டம் நடக்கும். ஒரு முறை போய் உட்கார்ந்து பாருங்கள். ஓய்வுபெற்ற கடற்படைக்காரர் ஒருவராவது அங்கே இருப்பார். பதினைந்து, இருபது ஆண்டு கப்பலில் இருந்தவர், அவர் மனைவி, அவர் அம்மா என்று அந்த வீட்டில் இருக்கும் அனுபவத்துக்கு ஈடே இல்லை. வட்டத்துக்கு அப்படி ஒரு மூத்த குடும்பம் துணையாகக் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அலுவலகம் போனதும் இன்னொன்றும் கேளுங்கள். ஒரே பிள்ளையை அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளை முப்படைக்கு அனுப்பிய பெற்றோருக்குத் தமிழக அரசின் போர்ப்பணி ஊக்க மானியம் என்று ஒன்று உண்டு. உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துமா, என்ன சான்றிதழ் வேண்டும் என்று நேரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வட்டத்தில் ஒருவர் கேட்டு வந்தால் எல்லோருக்கும் பயன்.

மூன்றாவது படி: குழுவின் சட்டத்தை முதல் நாளே வையுங்கள்

குழு என்று நான் சொல்வது வட்டத்து அம்மாக்கள் பேசிக்கொள்ளும் வாட்ஸ்அப் குழுவை. இந்த வழிகாட்டியில் வேறு எதைத் தாண்டிப் போனாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

2019 டிசம்பரில், ரகசியங்களைப் பாகிஸ்தானுக்குக் கொடுத்ததாகக் கடற்படை வீரர்கள் ஏழு பேர் கைதானார்கள். முகநூலில் பெண் பெயரில் போலிக் கணக்கு வைத்து நட்பாகிச் சிக்க வைத்த விவகாரம் அது. அந்த மாத இறுதியில் கடற்படை தன் தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் முகநூலுக்கும் தடை விதித்தது. சின்னப் பையன்கள் எப்படிச் சிக்குகிறார்களோ, அதைவிட எளிதாக ஒரு அம்மா சிக்குவாள். "எங்க பையனும் அந்தக் கப்பல்தான் அக்கா, எப்ப திரும்புதாம்?" என்று அன்பாக ஒரு பெண் கேட்டால் நாம் பதில் சொல்லிவிடுவோம். நம்மிடம் கள்ளம் இல்லை என்பதால்தான் ஆபத்து.

அதனால் குழுவில் எழுதக் கூடாதவை: கப்பல் எந்தத் தேதியில் கிளம்புகிறது, எங்கே போகிறது, எப்போது எந்தத் துறைமுகத்தைத் தொடும், கப்பலில் என்ன பழுது, என்ன ஆயுதம், உடன் போகும் கப்பல்கள் எவை. பிள்ளை வாய் தவறிச் சொல்லியிருந்தாலும் நம்மோடு நிற்கட்டும். சீருடைப் படத்தில் கப்பலின் உட்புறமோ எண்ணோ தெரிந்தால் பகிர வேண்டாம். குரல் பதிவுக்கும் இதே சட்டம்தான்.

எழுதக் கூடியது நிறைய இருக்கிறது. மனசு சரியில்லை, பேச வேண்டும் போலிருக்கிறது. பிள்ளை போன் பண்ணிவிட்டான். லீவுக்கு வரப்போகிறான் (தேதி வேண்டாம்). பார்சலில் என்ன அனுப்பினால் கெடாமல் போகும். இந்தப் படிவத்தில் எந்தப் பத்தியில் கையெழுத்து.

உறுப்பினரைச் சேர்ப்பதிலும் கறாராக இருங்கள். ஏற்கெனவே இருக்கும் ஒருவர் நேரில் பார்த்துப் பேசிய அம்மாவை மட்டும் சேர்க்கலாம். இணைப்பைப் பொதுவெளியில் போடவே கூடாது. குழுவின் பெயரில் "நேவி" என்ற வார்த்தையும் படமாகப் போர்க்கப்பலும் வேண்டாம் என்பது என் கருத்து. "செந்தில் அம்மா, பிரியா அம்மா" என்று நாம் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது போலவே குழுவுக்கும் சாதாரணப் பெயர் போதும்.

நான்காவது படி: பேச்சில்லாத நாட்களுக்குத் தயாராகுங்கள்

"செய்லிங் போறேன்மா" என்று ஒரு வரி வரும். அப்புறம் போன் அணைந்துவிடும். சில நாளாக இருக்கலாம், பல வாரமாகவும் இருக்கலாம். கடற்கொள்ளைக்கு எதிராக ஏடன் வளைகுடாவில் 2008-இல் இருந்து நம் கப்பல்கள் மாறி மாறி நிற்கின்றன. நீர்மூழ்கிக்காரன் என்றால் நீருக்கு அடியில் இருக்கும்வரை சத்தமே இருக்காது. பதில் வராததை ஆபத்து என்று படிக்காமல் இருக்க, மனதைப் பழக்க வேண்டியிருக்கிறது.

வட்டம் உண்மையில் வேலை செய்வது இங்கேதான். பேச்சில்லாத நாளில் இருக்கும் அம்மாவை வாரத்தில் ஒரு நாள் இன்னொரு அம்மா கூப்பிட வேண்டும் என்று முறை வையுங்கள். குறுஞ்செய்தி போதாது, குரல் வேண்டும். யார் யாருக்கு என்பதை முன்பே பிரித்துக்கொண்டால் யாரும் விடுபட மாட்டார்கள். பக்கத்து ஊர் என்றால் நேரில் போய் வாருங்கள். "கவலைப்படாதீங்க" என்று சொல்வதைவிட, ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுத்துவிட்டு வருவது எத்தனையோ மேல்.

பிள்ளையிடம் முன்பே ஒரு ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள். கரை தொட்டதும் முதலில் ஒரே ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும், நீளமாகப் பேசுவது பிறகு. கடிதம் எழுதும் பழக்கத்தையும் விட வேண்டாம். கப்பலில் இருப்பவர்களுக்கான தபால் மும்பை, விசாகப்பட்டினம், கொச்சியில் இருக்கும் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் வழியாகப் போகும். பிள்ளை தரும் முகவரியை அப்படியே எழுதுங்கள். பார்சல் என்றால் முறுக்கு, பருப்புப்பொடி, கருவேப்பிலைப்பொடி தாங்கும். தேங்காய் சேர்த்தது எதுவும் வேண்டாம்.

தூக்கம் போய்விட்டது, நெஞ்சு படபடக்கிறது, சமையல்கட்டில் நிற்கவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். வட்டத்தில் ஒருவர் முதலில் தான் பேசியதைச் சொன்னால் மற்றவர்களுக்குத் தயக்கம் போகும்.

ஐந்தாவது படி: ஒரு கோப்பு, ஒரு தாள்

வீட்டில் ஒரு கோப்பு வையுங்கள். பிள்ளையின் பணி எண், முழுப்பெயர் ஆவணத்தில் உள்ளபடி, பிரிவு, தற்போதைய கப்பல் அல்லது தளம், தபால் முகவரி, டிவிஷனல் ஆபீசரின் பெயரும் தளத்தின் தொலைபேசி எண்ணும், வங்கிக் கணக்கு, காப்பீட்டில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்ற விவரம். அக்னிவீரர்களுக்கு 48 லட்சம் ரூபாய் காப்பீடு இருக்கிறது, அவர்கள் கையிலிருந்து பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. வாரிசு பெயரில் எழுத்துப்பிழை இல்லாமல் இருப்பதைப் பிள்ளை லீவுக்கு வரும்போது சரிபார்த்துவிடுங்கள். இந்தப் பேச்சை எடுப்பது அபசகுனம் என்று எந்த அம்மாவும் ஒதுக்கக் கூடாது.

வீட்டில் யாருக்காவது ஆபத்து என்று பிள்ளையை வரவழைக்க வேண்டியிருந்தால், அவன் போனுக்கே நூறு முறை அடிப்பதில் பயனில்லை. கப்பல் அல்லது தளத்தின் அன்றைய பொறுப்பு அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும். சொல்ல வேண்டியவை: பிள்ளையின் பெயர், பணி எண், நோயாளி அவனுக்கு என்ன உறவு, எந்த மருத்துவமனை, டாக்டர் பெயர், தொடர்பு எண். இதை ஒரு தாளில் முன்கூட்டியே வரிசையாக எழுதி வைத்தால் பதற்றத்தில் கை நடுங்கினாலும் படித்துவிடலாம். இந்தி பேசத் தெரிந்த ஒருவர் வட்டத்தில் இருந்தால் அவரே பேசட்டும். மருத்துவமனைச் சான்றை உடனே வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். மாவட்ட அலுவலகத்தின் உதவியையும் கேளுங்கள். அக்னிவீரருக்கு ஆண்டுக்கு 30 நாள்தான் லீவு என்பதால், சின்னக் காரியத்துக்கெல்லாம் கூப்பிட்டுத் தீர்த்துவிட வேண்டாம்.

இதே இடத்தில் ஏமாற்றுக்காரர்களைப் பற்றியும். "உங்க மகன் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பணம் அனுப்புங்கள்", "உங்க மகன் வழக்கில் மாட்டிக்கொண்டான்" என்று அழைப்பு வரும். அடிபட்ட வீரனுக்குக் கடற்படை மருத்துவமனையில் சிகிச்சை நடக்கும், அம்மாவிடம் பணம் கேட்க மாட்டார்கள். போனை வைத்துவிட்டுக் கோப்பில் உள்ள தள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

ஆறாவது படி: தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது

2013 ஆகஸ்ட் 14-இல் மும்பையில் ஐ.என்.எஸ். சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் இறந்தார்கள். 2022 ஜனவரியில் ஐ.என்.எஸ். ரன்வீரில் வெடிப்பு, மூன்று பேர். இதை எழுதக் கை வரவில்லைதான். ஆனால் இப்படிப்பட்ட நாளில் என்ன செய்வது என்று அமைதியான நாளில் பேசி வைக்காத வட்டம் அன்றைக்குச் சிதறிவிடும். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நாட்களில் அரபிக்கடலில் கப்பல்கள் நிறுத்தப்பட்டிருந்தபோது, சேனல்கள் இரவெல்லாம் ஓட்டிய படங்களைப் பார்த்து நடுங்கிய அம்மாக்களுக்கு நான் சொல்வது புரியும்.

உங்கள் போனைச் சார்ஜ் போட்டு, காலியாக வைத்திருங்கள். சொந்தக்காரர்கள் வரிசையாக விசாரித்துக்கொண்டே இருந்தால், உண்மையில் வர வேண்டிய அழைப்பு நுழைய வழியிருக்காது. உறவினர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அப்பாவிடமோ தம்பியிடமோ கொடுத்துவிடுங்கள். குழுவில் எந்த வீடியோவும் அனுப்பக் கூடாது. கடற்படையின் அதிகாரபூர்வச் செய்தித் தொடர்பாளர் வெளியிட்டதை மட்டும், அதுவும் ஒருவர் மட்டும் போட வேண்டும். "அந்தக் கப்பலில் யார் பிள்ளை?" என்று குழுவில் கேட்கக் கூடாது. தெரிந்தவர்கள் அந்த அம்மாவின் வீட்டுக்கு நேரில் போக வேண்டும், இருவர் போதும். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் இருங்கள்.

ஏழாவது படி: நான்காம் ஆண்டை இப்போதே பேசுங்கள்

முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000. அதில் 21,000 கைக்கு வரும், 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போகும். நான்காம் ஆண்டில் சம்பளம் 40,000, கைக்கு 28,000. முடிவில் அரசின் பங்கும் சேர்ந்து வட்டி நீங்கலாக 10.04 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஓய்வூதியம் இல்லை. 25 சதவீதம் பேர் வரைதான் தொடர்ந்து பணியில் வைக்கப்படுவார்கள். 2022 இறுதியில் சில்காவில் சேர்ந்த முதல் அணிக்கு 2026 இறுதியில் நான்கு ஆண்டு நிறைகிறது.

அதாவது எட்டு அம்மாக்கள் இருக்கும் வட்டத்தில் இரண்டு வீட்டுக்கு மகிழ்ச்சியும் ஆறு வீட்டுக்கு அடுத்து என்ன என்ற கேள்வியும் வரலாம். பிள்ளையின் சம்பளத்தை நம்பி நீண்ட கடன் எடுக்க வேண்டாம். மருத்துவ வசதியும் கேன்டீனும் அக்னிவீரருக்கு உண்டு. அதை வைத்து அம்மா அப்பாவின் சிகிச்சைக்குக் கணக்குப் போடாதீர்கள். கப்பலில் இருந்தபடியே தபால்வழிப் படிப்பைத் தொடரச் சொல்லுங்கள், கற்ற தொழிலுக்கான சான்றிதழ்களைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளையை அனுப்பிய அம்மாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதல் அணியில் 270-க்கும் மேற்பட்ட பெண்கள் பயிற்சி முடித்தார்கள். எண்ணிக்கை குறைவு என்பதால் மாவட்டத்துக்குள் இன்னொரு அம்மா கிடைப்பது கடினம். மாநில அளவில் தேடுங்கள். ஊரார் கேட்கும் கேள்விகள் உங்களுக்கு வேறு மாதிரி இருக்கும், கல்யாணப் பேச்சும் சீக்கிரம் வரும். அதை ஏற்கெனவே தாண்டிய அம்மாவோடு பேசுவதுதான் உதவும்.

முதல் சந்திப்பை எப்படி நடத்துவது

கோயில் மண்டபமோ ஒரு வீட்டுத் திண்ணையோ போதும். டிசம்பர் 4 கடற்படை தினத்தை ஒட்டி வைத்தால் வருடாவருடம் நினைவில் நிற்கும். 1971 போரில் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய நாள் அது. வந்தவர்கள் பெயரையும் பிள்ளை எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்பதையும் மட்டும் சொல்லட்டும். குழுச் சட்டத்தை ஒருவர் உரக்கப் படியுங்கள். யார் யாரைக் கூப்பிடுவது என்று முறை பிரியுங்கள். அவசரத் தாளை எல்லோரும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், எழுதப் படிக்கச் சிரமப்படும் அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுக்கட்டும். சந்தா, சீட்டு, வசூல் எதுவும் வேண்டாம். பணம் நுழைந்தால் சண்டையும் கூடவே நுழையும். பிள்ளை பணி முடித்து வெளியே வந்துவிட்ட அம்மாவை வட்டத்தில் இருந்து விட்டுவிடாதீர்கள். அடுத்த வருடம் சில்காவுக்குப் பிள்ளையை ரயிலேற்றிவிட்டு வரும் அம்மா முதலில் பேச வேண்டியது அவரிடம்தான்.